தடைக்கால வரத்து

ஏப்ரல் பதினாலு நள்ளிரவோடு
எஞ்சின்கள் ஓய்ந்தன.
பாம்பன் தெற்குவாடியில் விசைப்படகுகள்
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து
அறுபத்தியோரு நாள் தூங்கத் தொடங்கின.
மறுநாள் மாலையே
கபடிக் கமிட்டி கூடி
ஜெனிஸ்டனை விற்றது.

விற்றது என்றால்
இனி அவன் வேதாளைக்குப் பாடுவான்.
பதிலுக்கு அங்கிருந்து
வலது கார்னர் ஒருத்தன், இடது கார்னர் ஒருத்தன்,
மேற்கொண்டு முப்பதாயிரம்.
அதில் பதினோராயிரம் அன்றைக்கே
பனியனுக்குப் போய்விட்டது.

"காரல் விலைக்குச் சீலாவைத் தூக்கிக் குடுத்துட்டாய்ங்க"
என்றார் எமரிட்.
வலைக்கு ஈயம் கோத்த கை நிற்கவில்லை.

"போன வருசம் பைனல்ல ஆறு தடவ பாடிப் போனான்.
அஞ்சு தடவ வெறுங்கையா வந்தான்.
அது சீலாவா?"
இது நம்புசெல்வம்.

"ஆறாவது தடவ?"

"ஆறாவது தடவ வரவே இல்ல."

நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு.
ஐஸ் போகாத மாதங்களில்
பேரேட்டின் பின்பக்கம் எனக்குச் சொந்தம்.
யார் எத்தனை முறை பாடினான், எத்தனை பேரைத் தொட்டான்,
எந்தக் காலைப் பிடித்தார்கள், எல்லாம் இருக்கிறது.
விரித்துக் காட்டினேன்.
"கணக்கு ஐஸுக்குடா, கபடிக்கு நெஞ்சு"
என்று மூடிக் கொடுத்தார் எமரிட்.
நிவாரணப் பணம் இன்னும் ஏறவில்லை.
அந்தக் கோபமும்
கமிட்டித் தலைவர் தலையில்தான் விழுந்தது.

இதில் ஒரு சங்கடம்.
விற்றவன் எங்கும் போய்விடவில்லை.
வேதாளையில் பயிற்சி முடித்து
எட்டரை பஸ்ஸில் பாலம் தாண்டி வந்து
எங்கள் மத்தியில்தான் குந்துகிறான்.
எங்கள் டீ, எங்கள் கணக்கு.
ஒருநாள் அவனே சொன்னான்:
"முப்பது கம்மிண்ணே.
நாப்பத்தஞ்சு கேட்டிருக்கணும்."
சிரித்தோம்.
நாங்கள் முடித்த பிறகு
அவன் சிரித்தான்.

மே கடைசியில் வந்தான் புது இடது கார்னர்,
சீனி ஜகுபர்.
கெண்டைக்கால் இருக்கிறதா என்று
குனிந்தே பார்த்தார் நம்புசெல்வம்.
"ஆளு கயிறு மாதிரில்ல இருக்கான்."
ஜகுபர் செருப்பைக் கழற்றியபடி சொன்னான்:
"நங்கூரத்தப் புடிக்கிறது
கயிறுதானண்ணே."
அன்று இரவு பதினொன்று வரை
யாரும் வீட்டுக்குப் போகவில்லை.
பாதிப் பேர் கயிறு கட்சி.

கச்சான் காற்று மணலை வாரித்
தண்ணீர்க் குடத்தில் போடுகிற நாட்களில்
மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டோம்.
காற்று அழித்தது, மறுபடி போட்டோம்.
முதல் ஆட்டமே வேதாளையோடு,
ஜூன் பதினஞ்சு, இரவு ஏழு மணி.

தேதி குறித்தபோது
ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை.
அன்று காலையில் டோக்கன் கொடுத்தார்கள்.
அறுபத்தியோரு நாள் தொடாத கடல்,
முதல் மடியில் இறால்,
பங்கு இரண்டு மடங்கு.
எமரிட் போனார். நம்புசெல்வம் போனார்.
கமிட்டித் தலைவரும் போனார்.
எமரிட் படகிலேயே மடி இழுக்க
ஜெனிஸ்டன் போனான்.
நானூறு பார் ஐஸ் உடைத்த கையோடு
நான் மைதானத்துக்குப் போனேன்.

பெண்கள், பிள்ளைகள், வலை மேல் ஆடுகள்,
இரண்டு பக்கமும் ஓட்டை அணி.
ஜகுபர் மட்டும் வந்திருந்தான்.
அவனுக்குப் படகில் இடம் கிடைக்கவில்லையாம்.

எட்டேகாலுக்கு போன்.
சிக்னல் அறுந்து அறுந்து எமரிட் குரல்:
"எத்தன?"
"ஒம்பதுக்கு ஏழு."
"யாருக்கு?"
சொன்னேன். காற்றுதான் கேட்டது.
பிறகு எஞ்சின் இரைச்சலுக்குள்ளிருந்து இன்னொரு குரல்:

"அண்ணே, வேதாளைக்கு என் எடத்துல
யாரு பாடுறா?"

எட்டிப் பார்த்தேன்.
பள்ளிக்கூடப் பையன்.
பனியன் முட்டி வரை தொங்கியது,
முதுகில் எண்
மடிப்புக்குள் போயிருந்தது.
ஜகுபர் அவன் கணுக்காலையே
பார்த்துக்கொண்டிருந்தான்.